கொழுப்பில்லா வளாகம்

மலையடிவாரத்தில் நடந்த உடல்நல முகாமை முடித்துக்கொண்டு தாளாளர் கருப்பண்ணன் கல்லூரிக்குத் திரும்பிய அன்று, வேட்டிக்கு மேல் அவர் கட்டியிருந்த பச்சை பெல்ட்டில் புதிதாகச் சில ஓட்டைகள் இருந்தன. கம்பெனிக்காரன் போட்ட ஓட்டைகள் அல்ல. ஆணியைக் காய்ச்சிக் குத்தியவை. காரைவிட்டு இறங்கியதும் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வரிசையில் நின்ற ஆசிரியர்கள் ஒவ்வொருவருக்கும் அந்த ஓட்டைகளைக் காட்டிக்கொண்டே வந்தார். எல்லாரும் கைதட்டினார்கள். வேதியியல் துறை ஆண்ட்ரூஸும் தட்டினார். எதற்கென்று தெரியாமலே தட்டிப் பழகிய கைகள் அவருடையவை.

நாமக்கல்லிலிருந்து எருமப்பட்டி போகிற ரோட்டில், இரண்டு பக்கமும் கோழிப்பண்ணைகள் நிற்க, நடுவில் இருக்கிறது கருப்பண்ணன் பொறியியல் கல்லூரி. காற்று திசை மாறினால் வகுப்பில் ஜன்னலைச் சாத்திவிட வேண்டும். ஆண்ட்ரூஸ் சேலம் அரிசிப்பாளையத்துக்காரர். இருட்டோடு எழுந்து, கல்லூரிப் பேருந்தைப் பிடித்து, ராசிபுரம் தாண்டும்வரை ஜன்னல் கம்பியில் தலை மோதத் தூங்கி, வந்து சேர்ந்ததும் ஆய்வகத்தை ஒட்டிய அறையில் டப்பாவைத் திறந்து நாலு இட்லி சாப்பிடுவார். அந்த இட்லியும், அதோடு கிடைக்கும் கொஞ்ச நேர அமைதியும்தான் இந்த வேலையில் அவருக்கு மிச்சமிருந்த ஆசை. ஐம்பதைத் தாண்டியும் உடம்பில் சதை ஒட்டவில்லை. புதிதாகப் பார்க்கிறவர்கள், "காய்ச்சல்ல கெடந்தீங்களா சார்?" என்று கேட்பார்கள். விளக்கம் சொல்லிச் சலித்துப்போய், "ஆமா" என்று சொல்லிவிடுவார்.

அன்று மத்தியானம் கலையரங்கத்தில் எல்லா ஆசிரியர்களையும் ஊழியர்களையும் உட்காரவைத்துத் தாளாளர் பேசினார்.

"நானு போர்வெல் வண்டி ஓட்டி மேல வந்தவனுங்க. பூமிக்குள்ள ஆயிரம் அடி எறங்கினா என்ன வருமுன்னு மண்ணைப் பாத்துச் சொல்லிருவேன். ஆனா என்ற வயித்துக்குள்ள என்ன இருக்குதுன்னு இத்தன வருசமாத் தெரியாமப் போச்சுங்க. முகாமுக்குப் போயித்தான் தெரிஞ்சுது. பசின்னு ஒண்ணு கெடையவே கெடையாதுங்க. அது பழக்கம். காத்தால எந்திரிச்சதும் திங்கிற பழக்கம். பதினாறு மணி நேரம் வாயக் கட்டினா ஒடம்பு தன்னோட கொழுப்பத் தானே தின்னுக்கும். நமக்குச் சோத்துச் செலவும் மிச்சம். இந்தக் காலேஜு என்ற குடும்பமுங்க. குடும்பத்துல அப்பன் வாயக் கட்டீட்டு உக்காந்திருக்கறப்ப, புள்ளைங்க எதுத்தாப்ல உக்காந்து திங்கலாமுங்களா?"

முதல்வர் எழுந்து ஒலிபெருக்கியை வாங்கினார். அவர் தாளாளர் பேசியதையே கொஞ்சம் நல்ல தமிழில் திரும்பச் சொல்வதற்காக அமர்த்தப்பட்டவர். "ஐயா குறைந்திருக்கிறார். நாம் பெருகியிருக்கிறோம். இது முறையா? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள்" என்றார். எல்லாரும் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. வளாகம் முழுவதற்கும் உண்ணும் சாளரம் என்று ஒன்று ஏற்படுத்தப்பட்டது. அது மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத் திறந்து இரவு எட்டு மணிக்கு மூடும். மற்ற நேரத்தில் தண்ணீரும் சர்க்கரை போடாத வரக்காப்பியும் மட்டும். வளாகத்துக்குள் யாரும் 'பசி' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. அவசியமானால் 'உள்தூய்மை நடைபெறுகிறது' என்று சொல்லலாம். ஒவ்வொருவரும் உடல் கொழுப்பில் பத்துக்கு ஒரு பங்கைக் குறைத்துக் காட்ட வேண்டும். காட்டாதவர்களின் ஊதிய உயர்வு குறைத்துக் காட்டப்படும்.

இதையெல்லாம் நடத்துவதற்கு ஆரோக்கிய ஒருங்கிணைப்பாளர் என்ற பெயரில் சந்தோஷ்குமார் வந்து சேர்ந்தார். வாட்டசாட்டமான இளைஞர். தாளாளருக்குத் தூரத்துச் சொந்தம். வாசலில் ஒரு மிசினை வைத்து, செருப்பைக் கழற்றி ஏறி நிற்கச் சொல்லி, இரண்டு கைப்பிடிகளையும் பிடிக்கச் சொன்னார். ஆண்ட்ரூஸ் ஏறினார். மிசின் ரொம்ப நேரம் யோசித்தது.

"சார், உங்களுக்குக் கொழுப்பே கம்மி."

"அப்ப எனக்கு விலக்கு உண்டா தம்பி?"

"விலக்குன்னு மிசின்ல பட்டன் இல்லீங்க சார். இருக்கறதுல பத்துல ஒரு பங்கு கொறச்சாப் போதும். உங்களுக்கு இருக்கறதே கொஞ்சம். கொறைக்கவேண்டியதும் கொஞ்சந்தான். பாக்கப்போனா உங்களுக்குத்தான் லேசு."

ஆண்ட்ரூஸ் அந்தக் கணக்கில் தப்புக் கண்டுபிடிக்கப் பார்த்தார். சாப்பிடாததால் முடியவில்லை. "இதுக்கு முன்னாடி எங்க வேலை பாத்தீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"கோழித்தீவனக் கம்பெனியிலங்க சார். எத்தன கிலோ தீவனம் போட்டா எத்தன கிலோ கறி ஏறுமுன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். ஏத்தத் தெரிஞ்சவனுக்கு எறக்கத் தெரியாதுங்களா?"

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் மனைவி ஜோஸ்லினிடம் சொன்னார். ஜோஸ்லின் சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். பகலெல்லாம் நின்று வீங்கிய காலை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ராத்திரி ஏழு மணிக்கு மேல நான் சாப்பிடறதில்லைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதே. எப்பலேருந்து?"

"போன வருஷத்துலேருந்து. சோத்தைக் கொஞ்சம் கொறச்சிட்டேன், கீரையும் பயறும் சேத்துக்கிட்டேன், நாலு ரோடு வரைக்கும் நடந்து போறேன். எட்டு கிலோ போயிருக்குது. முழங்கால் வலி இல்ல. பக்கத்துல படுக்கற உங்களுக்கே தெரியலை பாருங்க. அது அப்படித்தான் நடக்கணும். மிசின் வச்சு, மைக் வச்சு நடத்தறதுக்கு இது என்ன தேர்த் திருவிழாவா?" கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "சக்கரைக்கு மாத்திரை போடறவங்க யாராவது இருந்தா அவங்களை விட்டுடச் சொல்லுங்க. மாத்திரையைப் போட்டுட்டு வயித்தைக் காயப்போட்டா ஆளே விழுந்துருவாங்க."

ஆண்ட்ரூஸ் மறுநாள் முதல்வரிடம் இதைச் சொல்லத்தான் போனார். முதல்வர் அவரை நிமிர்ந்து பார்த்தார். எலும்பும் தோலுமான அந்த உருவத்தைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"உங்களைத்தான் தேடிக்கிட்டிருந்தேன் ஆண்ட்ரூஸ். சாளர அலுவலர்னு ஒரு பதவி. யாரும் நேரம் தவறிச் சாப்பிடாம பாத்துக்கணும். உங்களைப் பாத்தா சாப்பிடற ஆள் மாதிரியே இல்லை. நிர்வாகத்துக்கு அந்த நம்பிக்கை முக்கியம்."

சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுத்தான் வந்தார். முதல்வர் அதைப் பரிசீலிப்பதாகச் சொன்னார். அந்தக் கல்லூரியில் பரிசீலிக்கப்பட்ட எதுவும் பிறகு உயிரோடு திரும்பியதில்லை.

அப்படியாக ஆண்ட்ரூஸின் கழுத்தில் ஒரு அட்டை தொங்கியது. காலையில் பேருந்துகள் வந்ததும் அவர் வாசலில் நிற்க வேண்டும். நெடுஞ்சாலையில் போலீஸ்காரர் லாரி டிரைவரை ஊதச் சொல்வதுபோல் ஒவ்வொரு ஆசிரியரையும் ஊதச் சொல்ல வேண்டும். சாம்பார், சட்னி, வெங்காயம் ஆகிய வாசனைகள் வந்தால் முதல்வருக்குத் தகவல் தர வேண்டும். ஆண்ட்ரூஸ் தன்னோடு இத்தனை வருஷம் வேலை பார்த்தவர்களின் வாய்க்கு எதிரே மூக்கைக் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு, மூச்சையும் அடக்கிக்கொண்டார். எல்லாருக்கும் வாசனை இல்லை என்றே சொன்னார். ஊதியவர்களும் அவர் கண்ணைப் பார்க்கவில்லை.

சாளரம் திறந்தபின் நிம்மதியாகச் சாப்பிடலாம் என்றால் அதுவும் நடக்கவில்லை. எல்லாரும் ஒரே இடத்தில் இருப்பார்கள் என்பதால் துறைக் கூட்டங்கள் எல்லாம் பன்னிரண்டு மணிக்குத்தான் வைக்கப்பட்டன. கூட்டங்களில், எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சந்தோஷ்குமார் படம் போட்டுக் காட்டினார். படம் முடிந்து வெளியே வரும்போது சாப்பாடு முடிந்திருக்கும். கேன்டீனில் வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கரு, வெள்ளரிக்காய், உப்பில்லாத பயறு. மஞ்சள்கருவைத் தனியே எடுத்து ஒரு அண்டாவில் போட்டு மூடிவைத்தார்கள். ஒரு நாள் இயற்பியல் பேராசிரியர் ஒருவரின் மீசையில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. விசாரணைக் குழு கூடியது. அது சுண்ணாம்புக்கட்டித் தூள் என்று அவர் வாதாடினார். மஞ்சள் நிறச் சுண்ணாம்புக்கட்டி கல்லூரியில் வாங்கப்படுவதில்லை என்று அலுவலகம் தெரிவித்தது. குழு மீசையை எடுத்துவிடும்படி அவருக்கு அறிவுறுத்தியது. மறுநாள் மீசை இல்லாத முகத்தோடு வந்து நியூட்டன் விதி நடத்தினார். மாணவர்கள் சிரிக்கவில்லை. அவர்களுக்கும் விடுதியில் காலை டிபன் நின்றுபோயிருந்தது.

ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த வசந்தாமணிக்குத்தான் நிஜமாகவே கஷ்டம். எருமப்பட்டிக்காரர், நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர். புருஷன் இல்லை. மகள் மதுமதி இதே கல்லூரியில் ஊழியர் சலுகையில் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் காலை ஆண்ட்ரூஸ் அமிலப் புட்டி எடுக்கச் சாமான் அறைக்குள் போனபோது, வசந்தாமணி அலமாரிக்குப் பின்னால் நின்று பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்து, சத்தம் வராமல் விழுங்கிக்கொண்டிருந்தார். அட்டையைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

"சொல்லிப்போடுங்க சார். உங்க வேலை அது. மாத்திரை போட்டு சித்த நேரத்துல கை கால் நடுங்குதுங்க. புட்டிய எடுத்தா கீழ போட்ருவேன்னு பயமா இருக்குது."

"விலக்குக் கேட்டீங்களா?"

"கேட்டனுங்க. சாப்படாம இருக்க முடியாதுன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வரச் சொன்னாங்க. வாங்கிட்டு வந்தேன். அந்த டாக்டரு சாப்படற டாக்டராம். சாப்படாம இருக்கறதுக்குப் படிச்ச டாக்டருகிட்ட வாங்கோணுமாம்."

ஆண்ட்ரூஸ் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு, வசந்தாமணி தின்று முடிக்கும்வரை வாசலில் நின்றார். அதற்குப் பிறகு தினமும் நின்றார். சாளர அலுவலராக அவர் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அதுதான்.

இதற்குள் தாளாளருக்கு அடுத்த யோசனை வந்துவிட்டது. ஒரே வளாகத்தில் அதிகம் பேர் ஒரே நேரத்தில் உண்ணாமல் இருந்ததற்காக ஒரு சாதனைச் சான்றிதழ் வாங்க வேண்டும். அகில உலக அபூர்வ சாதனைக் கழகம் என்று ஒன்று இருந்தது. அதிலிருந்து கோட்டுப் போட்ட ஒருவர் வந்தார். மைதானத்தில் சாமியானா போட்டு, மாணவர்கள், ஆசிரியர்கள், ஊழியர்கள், தோட்டக்காரர்கள், பேருந்து ஓட்டுநர்கள் என்று எல்லாரையும் காலையிலேயே உட்காரவைத்தார்கள். சாமியானா மேடைக்கும் முதல் சில வரிசைகளுக்கும்தான் போதுமானதாக இருந்தது. முதல்நாள் இரவிலிருந்து யாரும் எதையும் தொடவில்லை என்று உறுதிமொழி வாங்கப்பட்டது. பன்னிரண்டு மணிக்குச் சிறப்பு விருந்தினர் சான்றிதழைக் கொடுத்ததும் ஆண்ட்ரூஸ் மணி அடிக்க, எல்லாரும் ஒரே நேரத்தில் வெள்ளரிக்காயைக் கடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

அன்று சாமான் அறை பூட்டியிருந்தது. வசந்தாமணி மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்து வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

பன்னிரண்டு மணி ஆயிற்று. சிறப்பு விருந்தினர் வரவில்லை. வாழப்பாடியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், பந்தியில் இருக்கிறார் என்று செய்தி வந்தது. முதல்வர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"நண்பர்களே, ஒரு மகிழ்ச்சியான அறிவிப்பு. இன்று மட்டும் சாளரம் மூன்று மணிக்குத் திறக்கும். நமது சாதனை மேலும் பெரிதாகிறது!"

கோட்டுக்காரர் கைதட்டினார். கருப்பண்ணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வெயிலில் காய்ந்துகொண்டிருந்த அத்தனை பேரையும் ஒருவிதத் திருப்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார். மேடையின் ஓரத்தில் மணியை வைத்துக்கொண்டு நின்ற ஆண்ட்ரூஸின் கண் ஆய்வக ஊழியர்கள் வரிசைக்குப் போனது. வசந்தாமணி முகத்தைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். முந்தானை கையிலிருந்து நழுவியது. பிறகு பக்கத்தில் இருந்தவர் மேல் சாய்ந்து, அங்கிருந்து தரைக்குச் சரிந்தார். மாணவிகள் வரிசையிலிருந்து, "அம்மா!" என்று ஒரு குரல் கேட்டது.

மேடையில் சிறப்பு விருந்தினருக்காகச் சாத்துக்குடி ஜூஸ் ஒரு டம்ளரில் தட்டால் மூடி வைக்கப்பட்டிருந்தது. ஆண்ட்ரூஸ் மணியைக் கீழே வைத்தார். தட்டை எடுத்துத் தாளாளருக்கு முன்னால் வைத்துவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டார். அவர் ஓடவில்லை, ஓடத் தெம்பில்லை. சிந்தாமல் நடந்துபோய், வசந்தாமணியை மடியில் தூக்கிப் பிடித்திருந்த மதுமதிக்கு எதிரே உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக வாயில் புகட்டினார்.

"உட்கொள்ளல்! உட்கொள்ளல் நடக்குது!" என்று கோட்டுக்காரர் ஒலிபெருக்கியில் கத்தினார்.

வசந்தாமணி கண்ணைத் திறந்தார். டம்ளரைப் பார்த்தார். "ஐயோ சார், மணி அடிச்சாச்சுங்களா?" என்றார்.

"அடிச்சாச்சும்மா. குடிங்க" என்றார் ஆண்ட்ரூஸ்.

சான்றிதழ் கிடைக்காமல் போகவில்லை. கோட்டுக்காரர் அனுபவசாலி. 'உண்ணா நிலையில் உள்ள ஒருவர் பழச்சாறு அருந்துவதை உண்ணா நிலையில் உள்ள அதிகம் பேர் அமைதியாகப் பார்த்தது' என்ற புதிய பிரிவில் சாதனையைப் பதிந்து கொடுத்துவிட்டுப் போனார். ஆனாலும் ஒழுங்கு நடவடிக்கை ஒழுங்கு நடவடிக்கைதான். வசந்தாமணியைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். ஆண்ட்ரூஸை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

முதல்வர் வருத்தத்தோடுதான் பேசினார். "அந்தம்மா மயங்கினது இயற்கை. அதுல நிர்வாகத்துக்கு ஆட்சேபணையே கிடையாது. ஆனா ஜூஸ் செயற்கை. அதை நீங்க செஞ்சிருக்கீங்க."

"ஆமாங்க சார்."

"இன்னொரு விஷயம் எனக்குப் புரியலை ஆண்ட்ரூஸ். உங்களுக்குக் கொழுப்பே இல்லைன்னு மிசின் சொல்லுது. அப்ப மேடையில எங்கேருந்து வந்தது?"

"தெரியலைங்க சார். காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலை."

முதல்வர் அந்தப் பதிலை எழுதிக்கொள்வதா வேண்டாமா என்று தெரியாமல் பேனாவை மூடினார். "தாளாளர் ஐயா உங்களை நாளைக்குக் காலைல ஊட்டுக்கு வரச் சொல்லியிருக்காங்க" என்றார். அவருக்கும் அவ்வப்போது தாளாளரின் தமிழ் வந்துவிடும்.

வேலை போய்விட்டது என்று ஆண்ட்ரூஸ் முடிவுகட்டிக்கொண்டார். ஜோஸ்லினிடம் சொன்னபோது அவள், "போனாப் போகட்டும். ஒரு மாசம் வீட்டுல உக்காந்து நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்றாள். அது அவருக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

தாளாளரின் பங்களா கல்லூரிக்குப் பின்பக்கம், வேப்பமரங்களுக்கு நடுவே இருந்தது. மகன் வெளிநாட்டில். மனைவி பேரப்பிள்ளையைப் பார்க்கப் போய்ப் பல மாதங்கள் ஆகியிருந்தன. பெரிய சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் கருப்பண்ணன் வெறும் தண்ணீர்ச் சொம்போடு உட்கார்ந்திருந்தார். எதிர் முனையில் இலை போட்டிருந்தது. இலையில் ஆவி பறக்க இட்லி. பக்கத்தில் மேச்சேரிக் கிடாய்க்கறிக் குழம்பு.

"உக்காருங்க. சாப்புடுங்க."

"ஐயா, மணி ஒன்பதுதான் ஆகுது. சாளரம்…"

"சாளரத்தத் தெறக்கறதும் மூடறதும் நானுதானுங்க. சாப்புடுங்க சாமி. நான் பாத்துக்கறேன்."

ஆண்ட்ரூஸ் ஒரு வாய் எடுத்து வைத்தார். கருப்பண்ணனின் தொண்டை ஏறி இறங்கியது.

"கறி வெந்திருக்குதுங்களா?"

"வெந்திருக்குங்க."

"வெந்திருக்குன்னா எப்படி? பஞ்சாட்டமா, கடிக்கறாப்லயா? வெவரமாச் சொல்லுங்க."

ஆண்ட்ரூஸ் விவரமாகச் சொன்னார். கருப்பண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"நானு ஒருத்தனாப் பட்டினி கெடக்க முடியலீங்க. மொதல்ல இந்த ஊட்ல கெடந்து பாத்தேன். சமையக்காரன் தின்னா ஆத்திரம். வாட்ச்மேன் டீக் குடிச்சா ஆத்திரம். ரோட்ல போறவன் முறுக்குக் கடிச்சாக் கூட வண்டிய நிறுத்தி அறையலாமுன்னு தோணுது. காலேஜே வாயக் கட்டுனப்பறந்தான் என்னால வாயக் கட்ட முடிஞ்சுது. அன்னைக்கி மைதானத்துல அத்தன பேரு காஞ்சு உக்காந்திருந்தாங்க பாருங்க, அப்பத்தான் எனக்கு வயிறு அடங்குச்சு. அந்த நேரம் பாத்து நீங்க டம்ளர எடுத்துட்டீங்க. அந்தம்மா குடிச்ச ஒவ்வொரு முழுங்கும் எனக்குக் கேட்டுச்சுங்க."

இத்தனை பேர் வயிறு காய்ந்ததும், மீசை போனதும், ஊதச் சொன்னதும் எல்லாம் இந்த மேசைக்கு எதிரே ஒரு ஆள் இல்லாத குறைக்காகத்தான் என்று ஆண்ட்ரூஸுக்குப் புரிந்தது. கோபம் வர வேண்டும் என்று காத்திருந்தார். வரவில்லை. களைப்புதான் இன்னும் கொஞ்சம் கூடியது.

"நாளைக்கும் வாங்க. உங்களுக்கு இனிமே பங்களா டூட்டி."

ஆண்ட்ரூஸ் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வசந்தாமணியம்மாவைத் திரும்ப வேலையில சேத்துக்கணும். அவங்க மாத்திரை நேரத்துக்குச் சாப்பிடறதை யாரும் கேக்கக் கூடாது. அப்படின்னா வாரேன்."

"வெலை பேசறீங்களா?"

"ஆமாங்க."

கருப்பண்ணன் சொம்பைத் தள்ளி வைத்தார். பிறகு, "தேங்காச் சட்னி எப்படி இருக்குது, அதச் சொல்லுங்க மொதல்ல" என்றார். வசந்தாமணி மறுநாளே வேலைக்கு வந்தார்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் பங்களாவில் சாப்பிட்டுக்கொண்டே வர்ணிப்பது ஆண்ட்ரூஸின் வேலையானது. ஒரு மனிதன் ஒவ்வொரு வாயையும் கண்ணால் பின்தொடரும்போது சாப்பிடுவது, பட்டினியைவிடச் சிரமமாக இருந்தது. ஊத்தப்பத்தின் ஓரத்தைப் பற்றி ஒரு நாள் சொன்ன வார்த்தையை மறுநாள் சொன்னால் கருப்பண்ணன் கோபித்துக்கொள்வார். வீட்டில் ஜோஸ்லின் போடும் சோற்றில் கை வைக்கும்போதும் யாரோ கேட்கப்போகிறார்கள் என்ற பயம் வந்தது.

"அந்த ஆளுக்கு அவரோட டாக்டர் நிஜமா என்னதான் சொன்னாரு? கேட்டீங்களா?" என்றாள் ஜோஸ்லின்.

மறுநாள் கேட்டார்.

"டாக்டரா? எண்ணெயக் கொறைங்கன்னாரு. ராத்திரிச் சோத்த சீக்கிரம் முடிச்சுக்கங்கன்னாரு. நடங்கன்னாரு. அவ்ளோதானுங்க."

"நடந்தீங்களா?"

"எங்கீங்க நடக்கறது? காலேஜுக்குள்ள நடந்தா முதல்வரு பைலத் தூக்கிட்டுப் பொறவால ஓடியாறாரு. ரோட்ல நடந்தா, கருப்பண்ணனுக்கு நொடிச்சுப்போச்சா, காரு என்னாச்சுங்கறானுக. கூட நடக்கறதுக்கு ஆளில்லீங்க."

ஆண்ட்ரூஸ் இலையிலிருந்து ஒரு இட்லியை எடுத்து, தாளாளரின் சொம்பு மூடியில் வைத்து, மேசையின் அந்தக் கோடி வரைக்கும் நடந்துபோய் வைத்தார்.

"எண்ணெய் இல்லீங்க. சட்னி வேண்டாம். ஒண்ணே ஒண்ணு சாப்பிடுங்க. இதுல யாரும் பெருத்துடப் போறதில்லை. சாப்பிட்டுட்டு எழுந்து வாங்க, வேப்பமரத்தைச் சுத்தி ரெண்டு பேரும் நடக்கலாம்."

கருப்பண்ணன் இட்லியைப் பார்த்தார். வாசல் கதவைப் பார்த்தார். பிறகு விரல் நுனியால் கிள்ளி வாயில் போட்டு, ரொம்ப நேரம் மென்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "புளிப்பு சித்த தூக்கல்" என்றார். "நீங்க இதச் சொல்லவே இல்லீங்களே."

இரண்டு பேரும் மரத்தடியில் நடந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. ஆண்ட்ரூஸுக்கு அந்த வேலையில் ரொம்ப நாளைக்குப் பிறகு கிடைத்த அமைதி அது. இத்தோடு எல்லாம் முடிந்தது என்றுகூட நினைத்துவிட்டார்.

கல்லூரியில் ஒன்று தொடங்கிவிட்டால் அது முடிவுக்கு வராது, வேறு பக்கம் திரும்பத்தான் செய்யும் என்பதை அவர் மறந்திருந்தார். மறுவாரம் சுற்றறிக்கை வந்தது. காலைச் சிற்றுண்டியே உடல்நலத்தின் அடித்தளம் என்று தாளாளர் கண்டறிந்திருப்பதால், வளாகத்தில் உள்ள அனைவரும் காலை ஒன்பது மணிக்கு மைதானத்தில் கூடி, எண்ணெயில்லாத இட்லியைக் கட்டாயம் உண்ண வேண்டும். உண்ட பின் வரிசையாக நடக்க வேண்டும். உண்ணாதவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும். கலையரங்கத்தில் முதல்வர் பேசினார்: "ஐயா உண்கிறார். நாம் உண்ணாமல் இருக்கலாமா? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள்." எல்லாரும் மறுபடியும் வயிற்றைத் தொட்டார்கள்.

கணிதத் துறையில் ஒருவர் மட்டும் நிஜமாகவே காலைப் பட்டினி ஒத்துப்போய், உடம்பு குறைந்து, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்காமல் நன்றாக இருந்தார். இப்போது அவர் இட்லியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்க் கோழிப்பண்ணைப் பக்கம் வீசுவதாகப் பேச்சு. சந்தோஷ்குமாருக்குப் பழைய தொழில் திரும்பக் கிடைத்த சந்தோஷம். தட்டு காலியானதா என்று புதிதாக வந்த கைமிசினில் பதிந்துகொண்டே வரிசையில் வந்தார்.

சாம்பல் புதன் வந்தது. தவக்காலத்தின் முதல் நாள். ஆண்ட்ரூஸ் இருட்டோடு கோயிலுக்குப் போய், சாமியார் கையால் நெற்றியில் சாம்பல் சிலுவை வாங்கிக்கொண்டு பேருந்து ஏறியிருந்தார். சின்ன வயதிலிருந்து அந்த நாளில் அவருக்கு ஒருசந்தி. ஒரு வேளைச் சாப்பாடுதான். அதை அவரிடம் யாரும் கேட்டதில்லை, அவரும் யாரிடமும் சொன்னதில்லை. இட்லித் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, வெயில் ஏறுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வயிறு காலியாக இருந்தது. முன்பு மாதக்கணக்கில் காலியாகக் கிடந்த வயிறுதான். ஆனால் இன்றைக்கு அது அவருடையதாக இருந்தது.

சந்தோஷ்குமார் வந்து நின்றார்.

"சார், தட்டு அப்படியே இருக்குதுங்களே?"

"இன்னிக்கு ஒருசந்தி தம்பி."

"அப்படீன்னா?"

"நோன்பு."

சந்தோஷ்குமார் பதறிப்போய் அக்கம்பக்கம் பார்த்தார். "அந்த வார்த்தையச் சொல்லாதீங்க சார். இப்ப அதுக்குத் தடை. முதல்வர் காதுல விழுந்தா எனக்கும் சேத்து மெமோ." கையிலிருந்த மிசினைத் தட்டிப் பார்த்தார். திரை நகரவில்லை. "சாப்பிடலைன்னு போட்டா காரணம் கேக்குதுங்க சார். ஒரே வார்த்தையில போடணுமாம். போட்டாத்தான் அடுத்த ஆளுக்குப் போகும்."

வரிசையில் அடுத்தவர் காலித் தட்டோடு காத்திருந்தார். ஆண்ட்ரூஸ் தட்டை மெல்லத் தள்ளி வைத்தார்.

"கொழுப்புன்னு போட்டுக்கங்க."

சந்தோஷ்குமார் போட்டார். மிசின் ஏற்றுக்கொண்டது.